பழைய டிராக்டர், கூடுதல் கியர், பெரிய பாரம்

இளம்பிள்ளை என்றதும் சேலைதான் நினைவுக்கு வரும். தறிச் சத்தம் கேட்கும் தெருக்களைத் தாண்டிக் கஞ்சமலை அடிவாரத்துக்கோ, மகுடஞ்சாவடி, சங்ககிரி பக்கமோ போனால் செம்மண் காடுகள் தொடங்குகின்றன. மரவள்ளி, நிலக்கடலை, பருத்தி, சோளம் என்று வெள்ளாமை மாறி மாறி நடக்கும் மண் அது. கிழங்கு பிடுங்கும் பருவத்தில் டிரெய்லர் நிறைய மரவள்ளி சேகோ மில்லுக்குப் போகிறது. கிணறு வெட்டி எடுத்த கல், வீடு கட்டச் செங்கல், கோடையில் தண்ணீர் டேங்கர் என எதற்கும் டிராக்டர்தான். அவற்றில் பல, இரண்டு மூன்று கை மாறி முப்பது நாற்பது வருடம் ஓடியவை.

இப்படிப்பட்ட பழைய வண்டி பாரத்தோடு காட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறும்போது திணறினால், பட்டறையில் எழும் முதல் யோசனை ஒன்று உண்டு: கியர் பாக்ஸோடு இன்னொரு சிறிய கியர் பாக்ஸைச் சேர்த்து வேகத்தைக் குறைத்தால் இழுவை கூடாதா? லாரித் தொழிலில் பேர்போன நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் கியர் பாக்ஸைப் பிரித்துக் கோக்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ஆகவே யோசனை யோசனையாகவே நின்றுவிடுவதில்லை. இந்தத் துணைக் கியர் எங்கிருந்து வந்தது, எதைத் தரும், எதைத் தராது, எதை உடைக்கும் என்று முழுமையாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடுதல் கியர் வேகத்தைக் குறைக்க நல்ல வழி; பாரத்தைக் கூட்ட அது வழியே இல்லை.

துணைக் கியர் வந்த பாதை

1940களின் டிராக்டர்களில் மூன்று அல்லது நான்கு முன் கியர்கள்தான் இருந்தன. ஹென்றி ஃபோர்டும் ஹாரி ஃபெர்குசனும் சேர்ந்து 1939-ல் கொண்டுவந்த ஃபோர்டு 9என் வண்டிக்கு மூன்று கியர். 1947-ல் வந்த 8என் வண்டிக்கு நான்கு. 1946-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் தயாரிப்பு தொடங்கிய ஃபெர்குசன் டிஇ20 வண்டிக்கும் நான்குதான். ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் நடுவே பெரிய இடைவெளி. மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டருக்கு முதல் கியரே வேகம் அதிகம். ரோட்டில் போக மேல் கியரின் வேகம் போதாது.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் வெளிக் கம்பெனிகள் துணைக் கியர்களைச் செய்து விற்றன. அமெரிக்காவில் ஷெர்மன் கம்பெனியின் துணைக் கியர் ஃபோர்டு வண்டிகளில் கிளட்சுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே உட்கார்ந்தது. வேகம் கூட்டுவது, குறைப்பது, இரண்டையும் செய்வது என மூன்று வகையில் அது கிடைத்தது. இங்கிலாந்தில் ஹோவர்டு கம்பெனி, தன் ரோட்டவேட்டரை ஃபெர்குசன் வண்டியில் ஓட்டுவதற்காகவே வேகம் குறைக்கும் பெட்டி ஒன்றைச் செய்தது.

1954-ல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி, ஃபார்மால் சூப்பர் எம்-டிஏ வண்டியில் 'டார்க் ஆம்ப்ளிஃபையர்' என்ற அமைப்பைத் தானே பொருத்தி விற்றது. கை நெம்புகோலை இழுத்தால், வண்டியை நிறுத்தாமலே வேகம் மூன்றில் ஒரு பங்கு குறையும். சக்கரத்துக்குப் போகும் முறுக்கு விசை ஒன்றரை மடங்காகும். உழும்போது குறுக்கே வரும் கெட்டித் தரையைக் கடக்க அது பெரிய உதவி.

இந்த மூன்று முயற்சிகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. மூன்றும் வேலைக்கு ஏற்ற வேகத்தைத் தேடியவை. வண்டியின் தகுதிக்கு மேலான பாரத்தை இழுப்பதற்காக அவை பிறக்கவில்லை.

நம் வண்டிகளில் ஏற்கெனவே இருப்பது

வெளிக் கம்பெனிகள் தனியாக விற்ற அந்தச் சாமானைச் சீக்கிரமே டிராக்டர் கம்பெனிகள் உள்ளேயே வைத்துவிட்டன. 1956-ல் இங்கிலாந்தில் வந்த ஃபெர்குசன் 35 வண்டியில் மூன்று கியர் கொண்ட பெட்டிக்குப் பின்னால் ஒரு கோள்வகைப் பல்சக்கரத் தொகுதி இருந்தது. நடுவில் ஒரு சக்கரம், அதைச் சுற்றி வரும் சிறு சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். லோவில் போட்டால் அது வேகத்தை நாலில் ஒன்றாகக் குறைக்கும். மூன்று கியர் இப்படித்தான் ஆறு ஆனது.

1960-ல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே, மாஸி ஃபெர்குசனின் கூட்டுறவோடு தயாரித்த வண்டிகள் அந்தக் குடும்பத்தின் வாரிசுகளே. சிம்சன் மூன்று சிலிண்டர் எஞ்சினோடு தமிழ்நாட்டுக் காடுகளில் இன்னமும் ஓடும் மாஸி 1035 வண்டியின் ஹை–லோ லீவருக்குக் கீழே இருப்பது இந்தத் தொகுதிதான். 1963-ல் மஹிந்திராவும் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி கொடுத்த பி-275 வண்டியிலும் நான்கு கியரை எட்டாக்கும் ஹை–லோ உண்டு. 1971-ல் எஸ்கார்ட்ஸ் வழியாக ஃபோர்டும், பிஞ்சோரில் எச்எம்டி தயாரித்த செக் நாட்டு ஜீட்டரும், 1974-ல் ஸ்வராஜும் வந்தன.

ஆக, நம் வட்டாரத்தில் பழைய டிராக்டர் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோரிடம் துணைக் கியர் ஏற்கெனவே இருக்கிறது. இன்னொன்றைச் சேர்க்கலாமா என்பதே கேள்வி. இதற்குப் பதில் கணக்கில்தான் இருக்கிறது.

இழுவையின் கணக்கு

முப்பத்தைந்து குதிரைத்திறன் கொண்ட பழைய வண்டி ஒன்றின் எடை ஏறத்தாழ 1,700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் பின் அச்சின் மேல் நிற்பது சுமார் 1,100 கிலோ. காய்ந்த கெட்டி மண்ணில் டயரின் பிடிப்பு, அதன் மேல் நிற்கும் எடையில் நூற்றுக்கு அறுபது பங்கு எனக் கொண்டால், டயர் சுற்றாமல் இழுக்கக்கூடிய அதிக அளவு 660 கிலோ. எஞ்சினில் என்ன இருந்தாலும், கியர் பாக்ஸில் எத்தனை சக்கரம் இருந்தாலும் இந்த எல்லை மாறாது.

இனி எஞ்சின் பக்கம். பல்சக்கரங்களிலும் டயரிலும் போனது போக 26 குதிரைத்திறன் இழுவைக்கு மிஞ்சும் என்போம். ஒரு குதிரைத்திறன் என்பது விநாடிக்கு 75 கிலோவை ஒரு மீட்டர் தூக்கும் வேலை. அப்படியானால் 660 கிலோ இழுவையை இந்த எஞ்சின் மணிக்கு சுமார் 10 கிலோமீட்டர் வேகத்திலேயே கொடுத்துவிட முடியும். லோவில் போட்டு மணிக்கு இரண்டரை கிலோமீட்டராகக் குறைத்தால், எஞ்சின் கொடுக்க முடிகிற இழுவை ஏறத்தாழ 2,800 கிலோ. டயர் தாங்குவதோ 660. கம்பெனி கொடுத்த லோ கியரிலேயே தேவைக்கு நான்கு மடங்கு முறுக்கு இருக்கிறது. அதை இன்னும் இரண்டு மடங்காக்கும் பெட்டி, இழுவையில் ஒரு கிலோவைக்கூடக் கூட்டாது. மிஞ்சிய முறுக்கு டயரைச் சுற்ற வைக்கும். டயர் சுற்ற வழியில்லாமல் சிக்கிக்கொண்டால் உள்ளே எதையாவது முறிக்கும்.

மாடு கட்டிக் கிணற்று நீர் இறைத்த அந்தக் காலத்துக் கவலை ஏற்றத்தை நினைத்தால் இது விளங்கும். மாடுகள் சரிவில் இறங்கி நடக்கும்படி வாரி அமைத்தார்கள். மாட்டின் எடையே கயிற்றை இழுக்க உதவியது. எடையைக் கணக்கில் கொண்ட அந்த அறிவு டிராக்டருக்கும் அப்படியே பொருந்தும்.

அடுத்து பாரத்தின் கணக்கு. தார் ரோட்டில் சமதளத்தில் டிரெய்லரை உருட்ட, டன்னுக்கு 20 கிலோ இழுவை போதும். டிரெய்லரும் சுமையும் சேர்ந்து பத்து டன் என்றாலும் 200 கிலோதான். டிராக்டர் அதைச் சிரமமில்லாமல் இழுக்கும். நம்பிக்கை வளர்வது இங்கேதான். ஆனால் வண்டித்தடத்து மண்ணில் டன்னுக்கு 60 கிலோ வேண்டும். பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் டன்னுக்கு இன்னும் 100 கிலோ. அதே ஏற்றத்தில் டிராக்டர் தன்னையே தூக்கிக்கொள்ள 170 கிலோ. மொத்தம் ஐந்து டன் டிரெய்லருக்கு 970 கிலோ தேவை. நம் கையில் இருப்பது 660. மூன்று டன் என்றால் 650, மயிரிழையில் ஏறிவிடும்.

சேலம், நாமக்கல் சமவெளியில் கடினமான இடம் என்பது பெரும்பாலும் காட்டு வரப்பிலிருந்து ரோட்டுக்கு ஏறும் அந்தச் சிறு தூரம்தான். முழுப் பயணத்துக்கும் பாரத்தைத் தீர்மானிக்க வேண்டியது அந்த ஏற்றம். ஏற்றத்தை மண்ணடித்து மட்டப்படுத்துவதோ, அந்தத் தூரத்தை மட்டும் இரண்டு நடையாக ஏற்றிப் போவதோ, புதுக் கியர் பாக்ஸைவிட மலிவானது, நிச்சயமானது.

எங்கே பொருத்துவது?

லாரியில் துணைக் கியர் சேர்ப்பது ஒரு வேலை. டிராக்டரில் சேர்ப்பது முற்றிலும் வேறு வேலை. லாரிக்குச் சேசிஸ் உண்டு. கூடுதல் பெட்டியைச் சேசிஸின் குறுக்குச் சட்டத்தில் தொங்கவிட்டு, புரொப்பல்லர் ஷாஃப்ட்டைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் ஆயிற்று. ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸும் இதே போலத்தான். 1917-ல் வந்த ஃபோர்ட்சன் வண்டியிலிருந்து தொடங்கி, பெரும்பாலான டிராக்டர்களுக்குச் சேசிஸ் கிடையாது. எஞ்சின் பிளாக், கிளட்ச் ஹவுசிங், கியர் பாக்ஸ், பின் அச்சுக் கூடு எல்லாம் போல்ட்டால் இணைந்து, அதுவே வண்டியின் முதுகெலும்பாக நிற்கிறது. நடுவில் ஒரு பெட்டியை நுழைத்தால், அதன் கூடு வண்டியின் எடையையும் இழுவையின் வளைவையும் தாங்க வேண்டும். தகடு வெட்டி வெல்டு வைத்த கூடு இதைத் தாங்காது. பத்தில் ஒரு மில்லிமீட்டர் மையம் விலகினாலும் பேரிங்கும் கிளட்ச்சும் தேயத் தொடங்கும்.

இடமும் முக்கியம். மெயின் கியர் பாக்ஸுக்கு முன்னால் பொருத்தினால், ரோட்டவேட்டர் போன்ற கருவிகளைச் சுழற்றும் பிடிஓ ஷாஃப்ட்டின் வேகமும் சேர்ந்து மாறும் வண்டிகள் உண்டு. பழைய ஃபோர்டு என் வரிசையில் ஹைட்ராலிக் பம்பும் பிடிஓ வழியாகத்தான் ஓடுகிறது என்பதால், வேகத்தைக் குறைத்தால் தூக்கும் வேகமும் குறையும். பிடிஓ நிமிடத்துக்கு 540 சுற்று ஓட வேண்டும் என்ற கணக்கில் செய்த கருவிகளுக்கு இது பொருந்தாது. கிணற்றுப் பாறையில் துளை போடக் கம்ப்ரசர் வண்டி வைத்திருப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கியர் பாக்ஸுக்குப் பின்னால் பொருத்தினால் பிடிஓ தப்பிக்கும். ஆனால் மெயின் பெட்டி ஏற்கெனவே பெருக்கிக் கொடுத்த முறுக்கு முழுவதையும் துணைப் பெட்டி தாங்க வேண்டும். ஆகவே அது கனமாக இருந்தாக வேண்டும்.

மாஸி 35 குடும்பத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. ஹைட்ராலிக் பம்ப் பின் கூட்டுக்குள்ளே கியர் ஆயிலிலேயே மூழ்கி இருக்கிறது. கியருக்கும் தூக்கிக்கும் ஒரே எண்ணெய்தான். சரியாகக் கடினப்படுத்தாத பல்சக்கரத்திலிருந்து உதிரும் இரும்புத் தூள் நேராகப் பம்புக்குப் போகும். பல் வெட்ட லேத் பட்டறையில் முடியும். கார்பன் ஏற்றி மேற்பரப்பைக் கடினமாக்கி, உள்ளே இரும்பின் மென்மை போகாமல் காப்பதற்கு உலைக் கட்டுப்பாடு வேண்டும். துணைக் கியர் நிலைப்பதும் உதிர்வதும் அந்த இடத்தில்தான்.

உடைவதும் கவிழ்வதும்

முறுக்கு கூடினால் அதைத் தாங்க வேண்டியது கியர் பாக்ஸுக்கு அப்பால் இருப்பவை: பினியன், கிரவுன், டிஃபரன்ஷியல், அச்சு ஷாஃப்ட். இவை கம்பெனி லோ கியரின் முறுக்குக்குச் செய்யப்பட்டவை. அதற்கு மேல் கொடுத்தால், டயர் சேற்றில் சுற்றும்வரை ஆபத்து தெரியாது. கல்லில் சட்டென்று பிடிக்கும்போது கிரவுன் பல் போகும். முப்பது வருடம் ஓடித் தேய்ந்த பல்லுக்கு அந்த ஒரு நொடி போதும்.

இதைவிட அஞ்ச வேண்டியது முன்பகுதி தூக்குவது. பின் அச்சுக்கு மேலே சங்கிலியைக் கட்டி இழுத்தால், பாரம் நகராதபோது டிராக்டர் தன் அச்சைச் சுற்றியே பின்னோக்கிப் புரளும். ஓட்டுநர் கிளட்சை மிதிக்க நினைப்பதற்குள் அது நடந்து முடிந்துவிடும். லோ கியரின் பெரிய முறுக்கு இந்த ஆபத்தைப் பல மடங்காக்குகிறது. இழுவைக் கம்பியைப் பின் அச்சின் மையத்துக்குக் கீழே வைப்பதே இதற்கு முதல் காப்பு. புதைந்த வண்டியையோ மரத்தின் வேரையோ இழுக்கும்போது பின் அச்சுக்கு மேலே இருக்கும் டாப் லிங்க்கில் சங்கிலி கட்டும் பழக்கத்தை ஒவ்வொரு ஊரிலும் நிறுத்தியாக வேண்டும். அதில் சமரசத்துக்கு இடமே இல்லை.

பஞ்சாபில் இரண்டு டிராக்டர்களைப் பின்னோடு பின்னாகக் கட்டி இழுக்க விடும் டோச்சன் போட்டி பேர்பெற்றது. 2023-ல் ஒரு சாகசக்காரர் உயிரிழந்தபின், அம்மாநில அரசு டிராக்டர் சாகசங்களுக்குத் தடை போட்டது. அமெரிக்காவில் 1920களின் இறுதியிலிருந்தே இழுவைப் போட்டி நடக்கிறது. பாதுகாப்புக் கூண்டும் எடை விதிகளும் அங்கே கட்டாயம். ஒரு நிமிட ஓட்டத்துக்காகக் கட்டிய அந்த வண்டிகளின் கியர் வேலையை, பருவம் முழுக்க கிழங்கு இழுக்க வேண்டிய வண்டிக்கு முன்மாதிரியாகக் கொள்வது தவறு.

இறக்கத்தைப் பற்றிய கேள்வி

ஏறுவதை எல்லோரும் கேட்கிறார்கள். இறங்குவதைக் கேட்பவர் குறைவு. டிராக்டருக்குப் பிரேக் பின் சக்கரங்களில் மட்டும். டிரெய்லர்களில் பலவற்றுக்குப் பிரேக்கே இல்லை. பத்து டன் டிரெய்லர் பத்துக்கு ஒன்று என்ற தார் ரோட்டு இறக்கத்தில், நம் 1,700 கிலோ வண்டியை, அதன் சொந்த எடையின் இறக்க விசையும் சேர்த்து, 900 கிலோவுக்கு மேலான விசையோடு முன்னால் தள்ளும். பின் டயர்கள் தார் ரோட்டில் நன்றாகவே பிடித்தாலும் இவ்வளவைத் தாங்கி நிறுத்தாது. டயர் பூட்டிக்கொண்டு வண்டி குறுக்கே மடங்கும்.

துணைக் கியர் இங்கே இருவிதமாகப் பழி தீர்க்கும். ஒன்று, லோவின் நம்பிக்கையில் ஏற்றிய அதிகச் சுமை. மற்றொன்று, கியரின் அமைப்பிலேயே உள்ளது. இன்டர்நேஷனலின் டார்க் ஆம்ப்ளிஃபையரிலும், மாஸி ஃபெர்குசன் 1960களின் தொடக்கத்தில் கொண்டுவந்த மல்டி-பவரிலும் லோவில் ஒருவழிச் சுழற்சிப் பூட்டு வேலை செய்கிறது. எஞ்சின் சக்கரத்தை ஓட்டும். சக்கரம் எஞ்சினை ஓட்டாது. இறக்கத்தில் எஞ்சின் பிரேக் முழுக்கக் காணாமல் போகும். அக்கம்பெனிகளே செய்த நல்ல அமைப்புகளிலேயே இந்தக் குறை இருந்தது என்றால், பட்டறையில் சேர்க்கும் பெட்டியில் லீவர் நியூட்ரலுக்குத் தெறித்தால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டும்.

கூடுதல் கியர் பயன்படும் இடங்கள்

இத்தனை சொன்னதால் துணைக் கியரே வேண்டாம் என்று பொருளில்லை. மிக மெதுவான வேகம் தேவைப்படும் வேலைகளுக்கு அதைவிட நல்லது கிடையாது. குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டுவது, மரவள்ளிக் குச்சியும் நாற்றும் ஆள் உட்கார்ந்து நடும் கருவியை இழுப்பது, கெட்டி மண்ணில் ரோட்டவேட்டர் ஓட்டுவது ஆகியவற்றில் கம்பெனி லோ கியரைவிடவும் குறைந்த வேகம் வேண்டியிருக்கும். அங்கே இழுவை குறைவு என்பதால் கிரவுனுக்கும் அச்சுக்கும் சுமை ஏறாது. இன்றைய புதிய வண்டிகளில் கிரீப்பர் கியர் என்று கம்பெனியே கொடுப்பதும் இதற்காகத்தான்.

இரண்டாவது பயன், கியர்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை நிரப்புவது. இரண்டாம் லோ மெதுவாகவும் மூன்றாம் லோ திணறலாகவும் இருக்கும் வண்டியில், ஒன்றே கால் மடங்கு குறைக்கும் சிறிய படி எஞ்சினை அதன் சரியான சுற்றில் வைத்திருக்கும். டீசலும் மிச்சம். வேகம் கூட்டும் வகையை மட்டும் பழைய வண்டியில் யாரும் சேர்க்கக் கூடாது. அதன் பிரேக் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டதல்ல.

உண்மையாகவே இழுவை வேண்டும் என்றால்

முதலில் எடை. பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பினால், 12.4-28 அளவு டயர் ஒன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ கூடும். இரண்டு டயருக்கும் சேர்த்து 300 கிலோ என்றால் கெட்டி மண்ணில் இழுவை 180 கிலோ உயரும். எந்தப் பல்சக்கரமும் இல்லாமல் இவ்வளவு கிடைக்கிறது. இரும்பு வெயிட்டும் அப்படியே. முன்பக்கமும் எடை வைத்தால்தான் ஸ்டீயரிங் கையில் இருக்கும்.

அடுத்து டயர். பல் தேய்ந்த டயரை மாற்றுவதும், கம்பெனி அனுமதிக்கும் அடுத்த அகலத்துக்குப் போவதும் பிடிப்பைக் கூட்டும். காற்றழுத்தத்தை உழவுக்கு ஒன்று, ரோட்டுக்கு ஒன்று என்று வைப்பதும் முக்கியம். மூன்றாவது கிளட்ச்சும் இஞ்செக்டரும். பழைய வண்டி திணறுவதற்குப் பாதிக் காரணம் இவற்றில் ஒளிந்திருக்கும். நான்காவது, டிரெய்லருக்குப் பிரேக்.

இதையெல்லாம் செய்தும் போதவில்லை என்றால், அந்த வேலைக்கு அந்த வண்டி சிறியது என்று ஒப்புக்கொள்வதே முறை. வண்டி உண்மையில் எவ்வளவு இழுக்கும் என்று சோதித்துச் சொல்ல மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் மத்திய அரசின் சோதனை நிலையம் இருக்கிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம், கம்பெனிகளின் மிகைப் பேச்சிலிருந்து விவசாயியைக் காக்க 1919-லேயே டிராக்டர் சோதனைச் சட்டம் போட்டது. இப்படிச் சோதிக்கும்போது சக்கரம் எவ்வளவு நழுவுகிறது என்பதும் அளக்கப்படுகிறது. இழுவையின் எல்லையை டயர் தீர்மானிக்கிறது என்பதைச் சோதனைச்சாலைகள் நூறு ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன.

சட்டமும் நினைவில் இருக்கட்டும். 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. விபத்து நேர்ந்தால், மாற்றப்பட்ட வண்டிக்கு இன்சூரன்ஸ் கேட்பது கடினமான வழக்காகிவிடும்.

பட்டறைக்கு எடுத்துச் செல்ல வேண்டிய கேள்விகள்

நம் வட்டாரத்து மெக்கானிக்குகளின் திறமையில் எனக்கு ஐயம் இல்லை. உதிரி பாகம் கிடைக்காத வண்டியையும் ஓட வைப்பவர்கள் அவர்கள். அந்தத் திறமை சரியான கேள்வியிடம் போய்ச் சேர வேண்டும் என்பதே என் ஆசை. கூடுதல் கியர் கேட்டு வருபவரிடம் பட்டறைக்காரர் நான்கு கேள்வி கேட்கட்டும். திணறும்போது டயர் சுற்றுகிறதா, எஞ்சின் அணைகிறதா? எந்த வேகத்தில் வேலை நடக்க வேண்டும்? இறக்கத்தில் எது நிறுத்தும்? பினியனும் கிரவுனும் எந்த நிலையில் இருக்கின்றன?

டயர் சுற்றினால், எடையும் டயரும்தான் மருந்து. லோவில் எஞ்சின் அணைந்தால் அதன் பழுதை முதலில் பார்க்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்து, வேகம் மட்டுமே அதிகம் என்றால், அப்போது துணைக் கியரை வரவேற்கலாம். அதையும் கியர் பாக்ஸுக்குப் பின்னால், வார்ப்புக் கூட்டில், கடினப்படுத்திய பல்லோடு செய்ய வேண்டும். இந்த வரிசையை மாற்றாமல் கேட்டால், செலவில் பெரும்பகுதி முதல் கேள்வியிலேயே மிஞ்சிவிடும். நாற்பது வருடம் உழைத்த வண்டி இன்னும் பல பருவம் ஓடும். அதை ஓட்டுபவரும் பத்திரமாக வீடு திரும்புவார்.